பழைய காருக்கு எஃப்.சி. ஏன் கிடைக்காமல் போகிறது?

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம்தான். பிறகு தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. வாங்கி, 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். மாருதி 800 கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் எங்க மாமா ஒர்க் ஷாப்புக்கு அது இன்னும் வருது.

"என்ஜின் நல்லாத்தானே ஓடுது, எப்படி ஃபெயில் ஆச்சு?" என்று கேட்பார்கள். என்ஜின் ஓடினால் மட்டும் போதாதே! ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்யணும். டயர் பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. புகையும் அளவோடு இருக்கணும்.

முக்கியமானது பிரேக். வண்டி நின்றால் மட்டும் போதாது, நேராக நிற்க வேண்டும். பின்சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் இருக்கிறது. பழைய வண்டியில் அதன் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஆயில் கசிந்து ஷூவை நனைத்துவிடும். நனைந்த பக்கம் சரியாகப் பிடிக்காது, காய்ந்த பக்கம் பிடிக்கும். உடனே கார் அந்தப் பக்கமாக இழுக்கும். ஹேண்ட் பிரேக்கும் இதே பின்சக்கரத்தில்தான், அதுவும் நிற்காது.

நாம் தினமும் ரோட்டு ஓரமாகத்தான் பள்ளிக்கு நடந்து வருகிறோம். இழுக்கிற கார் ஓரத்துக்குத்தானே வரும்?

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால், பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.