சாளக்கிராமமும் ஆற்றுக் கல்லும்

கல்லிலே இறைவனைக் கண்டு வழிபடுவது எமது மரபு. நர்மதை ஆற்றிலே கிடைக்கும் பாணலிங்கம் சிவபெருமானாகவும், கண்டகி ஆற்றிலே கிடைக்கும் சாளக்கிராமம் திருமாலாகவும் பூசிக்கப்படுகின்றன. இரண்டும் ஆறு தந்த கற்களே. ஆயினும் பாணலிங்கம் என்றுமே கல்லாக இருந்தது. சாளக்கிராமத்தின் சக்கரமோ ஒரு காலத்தில் ஓர் உயிரின் வீடாக இருந்தது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், ஆற்றிலும் கடற்கரையிலும் கல் பொறுக்கும் எமது பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கல்வி வாய்க்கும். சாளக்கிராமம் என்று கூறி விற்கப்படும் போலிக் கல்லுக்குப் பணத்தைக் கொடுத்து ஏமாறாமல் அடியார்களும் தப்பிக்கொள்ளலாம்.

சக்கரம் வந்த வரலாறு

நேபாளத்தில் ஏறக்குறைய 3,700 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது முக்திநாத் ஆலயம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் என்னும் திவ்விய தேசம் இதுவே என்பர். இதன் அருகே ஓடும் காளி கண்டகி ஆற்றிலே கரிய உருண்டைக் கற்கள் கிடைக்கின்றன. 'வச்சிரகீடம்' என்னும் புழு கல்லைக் குடைந்து சக்கரத்தை உண்டாக்கியது என்று புராண மரபு கூறும். கல்லில் உள்ள அடையாளத்துக்கு ஓர் உயிரே காரணம் என்று எமது முன்னோர் எண்ணியமை வியப்புக்குரியது.

இன்றைய புவிச்சரிதவியல் அந்த உயிரை அமோனைற்று என்று அழைக்கிறது. இது கணவாய்க்கும் சாக்குக் கணவாய்க்கும் உறவான கடலுயிர். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்று இமயமலை உள்ள இடத்திலே தெதிசு என்னும் கடல் இருந்தது. இறந்த அமோனைற்றுகளின் ஓடுகள் கடலடிச் சேற்றில் புதைந்தன. அவற்றைச் சுற்றிக் கனியங்கள் இறுகி உருண்டைக் கற்களாயின. பின்னர் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் மோத, கடலடி மலையாக உயர்ந்தது. அம்மலையை அரித்து ஓடும் கண்டகி, உள்ளே இருந்த கற்களை வெளியே கொண்டுவந்தது. அமோனைற்று இனமோ ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உலகிலிருந்து முற்றாக அழிந்துவிட்டது.

இவ்வாறு பழைய உயிரின் உடலோ, ஓடோ, அடிச்சுவடோ பாறையில் பதிந்து நிலைத்திருப்பதையே உயிர்ச்சுவடு என்கிறோம். தமிழ்நாட்டுத் திருவக்கரையிலும் இதைக் காணலாம். பாடல் பெற்ற தலமாகிய அவ்வூரில் கல்லாகிய மரங்கள் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரார் கூறிவந்த அவை, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் என ஆய்வாளர் கண்டனர்.

எமது ஆறுகளில் கிடைக்குமா?

பட்டிப்பளை ஆற்றிலே பொறுக்கிய கல்லில் ஒரு கோலத்தைக் கண்டவுடன் உயிர்ச்சுவடு என்று முடிவு செய்யக்கூடாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதாகும். சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்து உண்டான அடையற் பாறையிலேயே உயிர்ச்சுவடு பெரும்பாலும் இருக்கும். அம்பாறைப் பகுதியின் அடிப்பாறையோ நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அதிலே உயிர்ச்சுவட்டை எதிர்பார்க்க முடியாது. கல்முனைக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பியும் சோகியும் பெரும்பாலும் அண்மைக்காலத்தவை.

இலங்கையில் உயிர்ச்சுவடுகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது. அதில் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் உண்டு. இரத்தினபுரிப் பகுதியில் இரத்தினக்கல் அகழும் குழிகளின் பருக்கைக் கற்படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் எடுக்கப்பட்டன. கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல இவற்றை ஆராய்ந்து 1958 இல் நூலாக வெளியிட்டார். இன்று இந்நாட்டுக் காடுகளில் இல்லாத அவ்விலங்குகள் ஒரு காலத்தில் இங்கு வாழ்ந்தன என்பதற்கு அந்தப் பற்களே சான்று.

இனங்காணும் முறை

1. ஒழுங்கைத் தேடுக. உயிரின் உடலில் ஒழுங்கு உண்டு. வரிகள் ஒரே முறையில் திரும்பத் திரும்ப வரும். இரு பக்கங்களும் ஒத்திருக்கும். கல்லில் ஓடும் வெள்ளைப் படிகக் கோடுகள் கண்டபடி குறுக்கும் மறுக்குமாகச் செல்லும்.

2. சங்கோடு ஒப்பிடுக. பூசைச் சங்கின் சுருள் ஒரு பக்கமாகக் கோபுரம்போல் எழும்பும். உள்ளே அறைகள் இல்லை. அமோனைற்றின் சுருள் பொதுவாகத் தட்டையாக ஒரே தளத்தில் சுற்றும். உள்ளே தடுப்புச் சுவர்களால் பிரிந்த அறைகள் உண்டு.

3. செடிபோன்ற கறுப்புக் கோலத்தைக் கண்டு மயங்காதீர். மங்கனீசுக் கனியம் பாறை வெடிப்புகளில் பரவிப் பன்னச் செடிபோலப் படியும். அதில் நடுநரம்பும் இலையும் ஒழுங்காக அமைந்திரா.

4. எலும்பு என்று ஐயுற்றால் உடைந்த பக்கத்தைக் கைவில்லையால் பார்க்க. உள்ளே கடற்பஞ்சுபோல நுண்துளைகள் தெரிந்தால் அது எலும்பாக இருக்கலாம்.

5. போலிச் சாளக்கிராமத்தை அறிக. இயற்கைச் சுருள் மையத்தை நோக்கிப் படிப்படியாக ஒடுங்கும். கருவியால் செதுக்கிய கோடு எங்கும் ஒரே ஆழத்தில் இருக்கும். கருவி பட்ட கீறலும் தெரியும். அச்சில் வார்த்ததாயின் சிறு காற்றுக் குமிழிகளும் பொருத்திய விளிம்பும் காணப்படும். ஆயினும் சக்கரம் வெளியே தெரியாத உண்மைச் சாளக்கிராமங்களும் உள்ளன. ஆகவே ஐயம் இருந்தால் அறிந்தவரிடம் காட்டிய பின்னரே வாங்குக.

பொறுக்கியபின் செய்ய வேண்டியது

கல்லை உடைத்தோ அமிலத்தில் கழுவியோ பார்க்கலாகாது. கிடைத்த இடம், திகதி, எவ்வளவு ஆழம், அருகே இருந்தவை ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கல்லோடு வைக்க வேண்டும். கிடைத்த இடம் தெரியாத எலும்பு, பக்கங்கள் கிழிந்துபோன ஏட்டுக்கு ஒப்பானது. அதைக்கொண்டு வரலாற்றை வாசிக்க இயலாது. பின்னர் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடமோ, கொழும்பு தேசிய நூதனசாலையிலோ, பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையிலோ காட்டலாம். ஆலயத்தில் பூசிக்கப்படும் கற்களில் எந்தச் சோதனையும் செய்தல் கூடாது.

பிள்ளை கொண்டுவந்த கல் வெறுங்கல்லாயின் அதனால் குறைவொன்றுமில்லை. பாணலிங்கமும் உயிர்ச்சுவடு அன்று. அதன் பெருமை குறைந்ததா? ஒரு பொருள் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிவு சொல்லும். அதன்முன் எவ்வாறு நிற்பது என்பதைப் பக்தி சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. உண்மையை அறிந்து வணங்கும் அடியாரை எவராலும் ஏமாற்ற முடியாது.