விளையாடினால் நினைவாற்றல் வளருமா?

வாரத்தில் மூன்று நான்கு நாள், பத்துப் பதினைந்து நிமிடம் கணிப்பொறியில் விளையாடினால் போதும். படிப்பிலும் வேலையிலும் சிறந்து விளங்கலாம். முதுமையில் வரும் மறதியையும் தள்ளிப்போடலாம். இப்படி ஒரு விளம்பரம் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

அமெரிக்காவின் லூமோஸ் லேப்ஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு முதல் லுமோசிட்டி என்ற பெயரில் இத்தகைய விளையாட்டுகளை வழங்கியது. கட்டங்களில் ஒரு கணம் தோன்றி மறையும் வடிவத்தை நினைவில் வைத்துத் தொடுவது அவற்றுள் ஒன்று. மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர்; ஆயுள் சந்தா ஏறக்குறைய 300 டாலர். நினைவாற்றல், மறதிநோய் போன்ற சொற்களை இணையத்தில் தேடியவர்களின் கண்ணிலும் அதன் விளம்பரம் பட்டது. அச்சொற்களைத் தேடுவோர் யார்? பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட முதியவரைப் பேணுகிறவர்களும் அவர்களுள் இருப்பார்கள் அல்லவா?

பயிற்சியின் எல்லை

ஒரு விளையாட்டை நாள்தோறும் ஆடினால் அதில் திறமை கூடும். இதில் ஐயமில்லை. ஆனால் அத்திறமை வேறு செயல்களுக்கும் பரவுமா?

1980இல் வெளியான ஓர் ஆய்வைப் பார்ப்போம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், காதால் கேட்ட இலக்கங்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லப் பயின்றார். தொடக்கத்தில் அவரால் 7 இலக்கங்களையே சொல்ல முடிந்தது. 230 மணி நேரத்துக்கு மேல் பயின்றபின் 79 இலக்கங்களைச் சொன்னார்! அவர் ஓட்டப் பந்தய வீரர். 3, 4, 9, 2 என்று கேட்டால், ஒரு மைல் ஓட 3 நிமிடம் 49.2 விநாடி என்று மனத்தில் பதித்துக்கொள்வார். பிறகு இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னார்கள். அவரால் ஏறக்குறைய 6 எழுத்துகளையே திருப்பிச் சொல்ல முடிந்தது. அவர் கற்றது இலக்கங்களுக்கான ஓர் உத்தி. நினைவாற்றல் முழுவதும் பெருகிவிடவில்லை.

ஒப்பீட்டுக் குழு ஏன்?

2010இல் நேச்சர் இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் பங்கேற்றனர். இரு குழுக்கள் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை ஆடின. மூன்றாவது குழு இணையத்தில் தேடிக் கேள்விகளுக்கு விடை கண்டது. இதுவே ஒப்பீட்டுக் குழு. பயின்ற செயல்களில் எல்லாரும் முன்னேறினர். ஆனால் பயிலாத பொதுத் தேர்வுகளில், விளையாடியவர்கள் ஒப்பீட்டுக் குழுவைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை.

ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினாலே மதிப்பெண் சற்று உயரும். ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால், இந்த உயர்வையும் விளையாட்டின் பயன் என்று தவறாகக் கருதிவிடுவோம்.

சட்டம் கேட்பது என்ன?

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்னும் வணிக ஆணையம் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நுகர்வோரை ஏமாற்றும் செயல்களைத் தடுக்க 1938ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு அதிகாரம் தந்தது. பின்னர், வெயிலால் தோல் கன்றுவதற்கான மருந்தின் விளம்பரம் பற்றிய வழக்கில், 1972இல் ஆணையம் ஒரு விதியை வகுத்தது: பொருளின் பயனைப் பற்றி விளம்பரம் செய்யுமுன் அதற்குத் தக்க ஆதாரம் கையில் இருக்க வேண்டும். முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஆதாரம் தேடுவது கூடாது.

லுமோசிட்டி விளம்பரங்கள் சொன்ன பயன்களுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஆணையம் குற்றம் சாட்டியது. பயனடைந்ததாகச் சொன்னவர்களுள் சிலரின் பாராட்டுரைகள் பரிசுப் போட்டிகள் மூலம் பெறப்பட்டவை. அது மறைக்கப்பட்டது என்றும் கூறியது. 2016 ஜனவரியில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. 5 கோடி டாலருக்குத் தீர்ப்பு விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் நிதிநிலை கருதி, 20 லட்சம் டாலர் கட்டினால் எஞ்சியது நிறுத்தி வைக்கப்படும் என்று முடிவாயிற்று. சந்தாவை எளிதில் நிறுத்தவும் வழி செய்யவேண்டியதாயிற்று.

ஒன்றை மறக்கக்கூடாது. விளையாட்டு தீங்கானது என்று ஆணையம் சொல்லவில்லை. அதை விற்கத் தடையும் விதிக்கவில்லை. சொன்ன சொல்லுக்குச் சான்று எங்கே என்றுதான் கேட்டது. அறிவியல் கேட்பதும் இதே கேள்விதான்.

செய்து பாருங்கள்

நண்பர்கள் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரியுங்கள். எத்தனை எழுத்துகளை ஒவ்வொருவராலும் வரிசையாகத் திருப்பிச் சொல்ல முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழு மட்டும் பத்து நாள் இலக்கங்களைக் கொண்டு பயிலட்டும். பதினோராம் நாள் இரு குழுக்களையும் மீண்டும் எழுத்துகளால் சோதியுங்கள்.

1. பயின்ற குழு மட்டும் முன்னேறியதா, இரு குழுக்களுமா?
2. பயின்ற குழுவை மட்டும் சோதித்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்?
3. பத்துப் பேரை வைத்துச் செய்த சோதனையை நம்பி விளம்பரம் எழுதலாமா?