பெரிய வீட்டை யார் சுமக்குறது? வெள்ளகவி சொல்லிக்கொடுத்த கணக்கு



கொடைக்கானல் வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் வழியா காட்டுப் பாதையில இறங்கினா வெள்ளகவி வரும். தலைமுறை தலைமுறையா வண்டிச் சாலை இல்லாம வாழ்ந்த மலைக் கிராமம். அரிசி மூட்டையோ சிமெண்ட்டோ, குதிரை முதுகுலயோ மனுஷன் தலையிலயோதான் வந்து சேரணும். அங்க ஒரு ரூம் கூட்டிக் கட்டணும்னா, ஒவ்வொரு மூட்டையையும் யார் சுமக்குறதுன்னு முதல்லயே யோசிக்கணும்.

நம்ம டவுன் வீட்டையும் ஒருத்தர் சுமந்துக்கிட்டுதான் இருக்கார். மாசா மாசம் போற இ.எம்.ஐ.தான் அந்தச் சுமைக்கூலி. நமக்கு அது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் போடுவோம்

60 லட்சத்துக்கு வாங்கின மூணு பெட்ரூம் வீடு. இன்னைக்கு 90 லட்சம் போகுது. கடன் பாக்கி 40 லட்சம், வட்டி 8.5%, இன்னும் 15 வருஷம். இ.எம்.ஐ. சுமார் ₹39,390. இனிமே கட்டப் போற வட்டி மட்டும் கிட்டத்தட்ட 31 லட்சம்.

வித்தா என்ன ஆகும்?

- விற்பனை: 90 லட்சம்
- கடன் அடைப்பு: 40 லட்சம்
- புரோக்கர் கமிஷன் 1%: 90,000
- ரெண்டு பெட்ரூம் ரீசேல் வீடு: 43 லட்சம்
- முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%: 3.87 லட்சம்
- கையில மிச்சம்: சுமார் 2.2 லட்சம்

அந்த மிச்சம் பெயிண்ட் அடிக்க, சாமான் ஏத்தி இறக்கவே சரியாப் போயிடும். ஆனா கடன் இல்ல. குடும்பச் செலவு மாசம் 40,000-னா, பழைய இ.எம்.ஐ.யை ஆறு மாசம் சேர்த்தாலே ஆறு மாசத்துக்கான அவசர நிதி கிட்டத்தட்ட ரெடி. பிடிக்காத வேலையை விட்டுட்டு நிதானமா வேற தேடலாம். சுதந்திரம்னு நான் சொல்றது இதைத்தான்.

வரியில கோட்டை விடாதீங்க

வீட்டை 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா அது நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5%. 1961 சட்டத்துல பிரிவு 54 தந்த விலக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்துலயும் வேற எண்ல தொடருது. வித்த தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியோ, ரெண்டு வருஷத்துக்குள்ளயோ வேற வீடு வாங்கணும். கட்டுறதா இருந்தா மூணு வருஷம் டைம்.

நிறைய பேர் மொத்த விற்பனைப் பணத்தையும் போடணும்னு நினைக்கிறாங்க. ஆதாயத்தை மட்டும் போட்டா போதும். நம்ம உதாரணத்துல அது சுமார் 30 லட்சம். புது வீடு அதைவிட அதிகம், அதனால வரி வராது. அந்த வீட்டை மூணு வருஷத்துக்கு விக்கக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம்: பழைய வீடு அப்பா பேர்ல இருந்தா, புது வீட்டையும் அப்பா பேர்லயே வாங்குங்க. "என் பேர்ல வாங்கிடலாமே"ன்னு ஆசைப்பட்டா விலக்கு கைவிட்டுப் போகலாம். ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு அட்வான்ஸ் வாங்குங்க.

நேரத்தையும் கணக்குல சேருங்க

வீடு சின்னதாகி ஆபீஸ் தூரமாச்சுன்னா லாபம் இல்ல. தினம் ஒரு மணி நேரம் கூடுதலா பஸ்ல போனா, மாசம் 22 வேலை நாளுக்கு 22 மணி நேரம் போச்சு.

அம்மா என்ன சொல்வாங்க?

அவங்களுக்கு அது சதுர அடி இல்ல, பொங்கப்பானை வெச்ச வாசல். அதனால எக்செல் ஷீட்டோட போய் நிக்காதீங்க. மூணு மாசம் ஒரு ரூமைப் பூட்டி, அதுல இருக்கறதை எடுக்காம குடும்பத்தோட வாழ்ந்து பாருங்க. எத்தனை தடவை சாவி தேடுனீங்கன்னு குறிச்சு வைங்க. தினமும் தேடுனா, வீட்டை விக்காதீங்க. சாவி எங்க வெச்சோம்னே மறந்துட்டா, அம்மா அப்பாவை உட்கார வெச்சுப் பேசுங்க. கடைசி முடிவு அவங்களோடதாவும் இருக்கட்டும்.

அடுத்த வீடியோல சந்திப்போம். அதுக்குள்ள உங்க கடன் பாக்கி எவ்வளவுன்னு பேங்க் ஆப்ல பார்த்து வைங்க!