எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன்

காதில் அடிபட்டு வலி என்றால் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது பூண்டு போட்ட நல்லெண்ணெய்தான். செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதில் இறங்கும். சும்மா விட்டாலே ஆறக்கூடிய காயம் சீழ் பிடித்துவிடும்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி குளித்துவிட்டு வந்து பட்ஸால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்த குழந்தை அவள் முழங்கையில் மோதியது. சுருக்கென்று வலி, பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம், பிறகு காதுக்குள் ஓயாத இரைச்சல். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த மாமியாரைத் தடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். விளக்கு வைத்துப் பார்த்தவர், பறையில் சிறு ஓட்டை என்றார். சொட்டு மருந்துகூட எழுதவில்லை. தண்ணீர் போகக் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, அவ்வளவுதான். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் வைத்துக்கொண்டாள். மறுபரிசோதனையில் ஓட்டை மூடியிருந்தது.

செவிப்பறையின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கன்னத்தில் விடும் அறை காதை அடைத்தபடி விழுந்தால், உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தமே அதைக் கிழித்துவிடும். பிள்ளைகளை அடிக்கவே கூடாது; காதருகே கை ஓங்குவது கொடுமையிலும் கொடுமை. சிறு கிழிசல்கள் பெரும்பாலும் 2, 3 மாதங்களில் தாமே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால், காதுக்கு மேலுள்ள தசையின் உறையிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுப்போடுகிறார்கள்.

பக்கத்தில் பட்டாசு வெடித்து, ரத்தமோ வலியோ இல்லாமல் காது மந்தமாகிவிட்டால் அதுதான் அதிகக் கவலைக்குரியது. அடி உள்காதில் பட்டிருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சை தேவைப்பட்டால் முதல் சில நாட்களில் தொடங்குவதே நல்லது என்பதால், உடனே கேட்கும் திறனைச் சோதித்துவிட வேண்டும்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டவரின் காதிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் பஞ்சை அடைக்காதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மல்யுத்தத்தில் காது மடல் நசுங்கி வீங்கினால், உள்ளே தேங்கிய ரத்தத்தைச் சில நாட்களுக்குள் வெளியேற்ற வேண்டும். இல்லையேல் குருத்தெலும்பு ஊட்டமின்றிச் சுருங்கி, மடல் காலிஃபிளவர்போல ஆகிவிடும்.

குழந்தை காதில் எதையாவது போட்டுக்கொண்டால் கொண்டை ஊசியால் நோண்ட வேண்டாம். இன்னும் உள்ளேதான் தள்ளும். பயறு, கடலை என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு சொட்டு மருந்தும் விடாமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே அது தோலையும் பறையையும் அரித்துவிடும்.