யூதர் வேதம் ஓதிய முறையும் உபாத்தியாயர் கடனும்

ஒரு சமயத்துக்கு ஆதாரமாயுள்ள நூல், ஏட்டிலே எழுதப்பட்டிருத்தல் மாத்திரத்தால் நிலைபெறாது. அதனைப் பிழையற ஓதவும் ஓதுவிக்கவும் வல்லவர் தலைமுறைதோறும் உளராயின் மாத்திரமே அது நிலைபெறும். இவ்வுண்மையைத் தம் சரித்திரத்தால் நன்கு விளக்கிய சாதியார் யூதர். அவர் ஆலயத்தை இழந்தனர், நாட்டை இழந்தனர், தேசந்தோறுஞ் சிதறினர், ஆயினும் தம் வேதத்தை இழந்திலர். அஃது எவ்வாறு கூடிற்றென்பதைச் சைவ உபாத்தியாயர்கள் அறிதல் பெரும்பயன் தருமெனக் கருதி, இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டாம்.

பிறசமய நூலை ஆராய்தல் சைவர்க்குத் தகுமோவெனின், தகும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழிலே மொழிபெயர்த்தார்கள். அந்நூலிலே தாம் பெற்ற பயிற்சியைக்கொண்டே, 1854-ம் வருஷத்தில் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில், யூதருடைய ஆலயத்துக்கு விதிக்கப்பட்ட கிரியைகளை எடுத்துக்காட்டி, சைவக்கிரியைகளை இகழ்ந்தோர்க்கு விடையிறுத்தார்கள். ஆதலால், இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று.

நூற்றொகுதி

யூதருடைய வேதம் 24 நூல்களையுடையது. தோரா என்னும் முதற்பகுதி 5 நூல். தீர்க்கதரிசிகள் என்னும் இரண்டாம் பகுதி 8 நூல். ஏனையவை 11 நூல். இவற்றையே கிறிஸ்தவர் பழைய ஏற்பாடு என்று வழங்குவர். இவற்றுட் பெரும்பாலன எபிரேய பாஷையிலும், சில பகுதிகள் அரமேய பாஷையிலும் உள்ளன.

கி. பி. 70-ல் ரோமர் யெருசலேம் ஆலயத்தை அழித்தனர். அங்கே நிகழ்ந்த பலிகள் ஒழிந்தன. அதன்பின் வேதத்தை ஓதுதலும் ஆராய்தலுமே யூதர் சமயவாழ்வுக்கு உயிர்நிலையாயின. வாய்மொழியாக வழங்கிவந்த விதிகளை, ஏறக்குறைய கி. பி. 200-ல், யூதா என்னும் பேராசிரியர் மிஷ்னா என்னும் பெயரால் 6 பிரிவாகத் தொகுத்தார். அதன்மேற் பின்வந்த ஆசிரியர்கள் நிகழ்த்திய வாதப் பிரதிவாதங்கள் கெமாரா எனப்படும். இவ்விரண்டும் கூடியது தல்மூது. ஓர் ஐயம் நிகழுமிடத்துத் தோற்ற பக்கத்தாருடைய கருத்தையும் அவர் பெயரோடு போற்றிவைத்தல் அந்நூலின் இயல்பு.

எழுத்தின் இயல்பு

எபிரேய நெடுங்கணக்கு 22 எழுத்துடையது. அவை யாவும் மெய்களே. அவற்றுட் சில, சிலவிடங்களில் நெட்டுயிரைக் குறிப்பிக்கும். ஏனை உயிரொலிகளை ஓதுவோனே அறிந்து சேர்த்தல் வேண்டும். உதாரணமாக, ஸ், க், ர் என்னும் மூன்று மெய்களை ஸேகெர் என்று ஓதின் நினைவு என்றும், ஸாகார் என்று ஓதின் ஆண் என்றும் பொருள்படும். எழுத்து ஒன்றே, பொருள் வேறு.

இவ்விடர்ப்பாடு நமக்கும் அறியாததன்று. பனையோலையிலே நம் முன்னோர் புள்ளியிடாது எழுதினர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேற்றுமை காட்டிற்றிலர். எரி என்பதும் ஏரி என்பதும், கொடு என்பதும் கோடு என்பதும் ஓலையில் ஒருபடித்தாகவே தோன்றும். அவற்றை வேறுபடுத்தியது ஆசிரியர்பாற் கேட்ட கேள்வியேயாம்.

உபாத்தியாயரைப் பற்றிய விதி

எழுத்து இங்ஙனமாதலால், யூதர் உபாத்தியாயரை நியமித்தலிலே மிகுந்த கவலையுடையராயினர். தல்மூதிலே பாபா பத்திரா என்னும் பகுதி அதன் வரலாற்றைக் கூறுகின்றது. ஆதியிலே தந்தையே மகனுக்கு ஓதுவித்தான். தந்தையில்லாப் பிள்ளை கல்லாதொழிந்தது. பின்பு யெருசலேமிலே உபாத்தியாயர் வைக்கப்பட்டனர். அங்கும் தந்தையுடைய பிள்ளைகளே சென்றனர். அதன்பின் கோட்டந்தோறும் உபாத்தியாயரை வைத்து, பதினாறு பதினேழு வயதினரைச் சேர்த்தனர். அவ்வயதினரோ ஆசிரியர் சினந்தவிடத்து எதிர்த்து வெளியேறினர். முடிவிலே காம்லாவின் குமாரராகிய யோசுவா என்னும் பிரதான ஆசாரியர், ஊர்தோறும் உபாத்தியாயரை நியமித்து, ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கும்படி விதித்தார். அவர் ஆலயம் அழிதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இருந்தவர். அவர் இலராயின் கல்வியே மறந்துபோயிருக்கும் என்று அந்நூல் அவரைப் புகழ்கின்றது.

மாணாக்கர் தொகைக்கும் அங்கே விதியுண்டு. 25 பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர். 40 ஆயின் அவருக்கு ஓர் உதவியாளர், அவர்க்குரிய செலவு ஊரவரது. 50 ஆயின் இருவர் உபாத்தியாயர். கல்வியை உபாத்தியாயர் தலையில் மாத்திரம் சுமத்தாது, ஊரவர் தலையிலும் ஏற்றிய இவ்விதி போற்றற்பாலது.

விரைவும் திருத்தமும்

அப்பகுதியிலேயே நம்மனோர் ஊன்றிச் சிந்திக்கத்தக்க ஒரு வாதம் உள்ளது. உபாத்தியாயர் இருவர் உளர்; ஒருவர் விரைந்து பல பாடங்களை நடத்துவர், திருத்தமிலர்; மற்றவர் மெல்ல நடத்துவர், பிழையிலர். இவருள் யாரை நியமித்தல் வேண்டும்? பிழை தானே நீங்குமாதலால் முன்னவரை நியமிக்க என்றார் ராபா என்னும் ஆசிரியர். ஒருமுறை உட்புகுந்த பிழை எளிதின் நீங்காதாதலால் பின்னவரையே நியமிக்க என்றார் நெகர்தெயா என்னும் ஊரைச் சார்ந்த தீமி என்பவர்.

தீமி கூறியதற்குச் சான்றாக ஒரு கதையும் அங்கே சொல்லப்பட்டது. தாவீது அரசனுடைய படைத்தலைவன் யோவாப், பகைவருள் ஆண்மக்களை மாத்திரம் கொன்று மீண்டான். வேதம் அப்பகைக்குலத்தின் நினைவையே துடைக்க என்கின்றதே, நீ இவ்வாறு செய்தது என்னை என்று அரசன் வினாவினான். ஆண்களை என்றே எனக்கு ஓதுவிக்கப்பட்டது என்றான் யோவாப். பின்பு தன் உபாத்தியாயரிடஞ் சென்று வினாவி, அவர் பிழையுணர்ந்து வாளையுருவினான். மேலே காட்டிய ஸேகெர், ஸாகார் என்னும் சொற்களே இதற்கு மூலம். கொலைவினை நமக்கு உடன்பாடன்று. அக்கதை சரித்திரமாகுமோ என்பதும் இங்கு வினாவன்று. உயிரொலி திரியப் பொருள் திரிந்தது. பொருள் திரியச் செயல் திரிந்தது. அத்திரிபுக்கு உத்தரவாதி ஓதுவித்தவரே. இதுவே கொள்ளத்தக்கது.

மசோரேத்தியர்

வாய்மொழி ஓதன்முறை காலத்தால் மயங்குமென்று அஞ்சிய அறிஞர் சிலர், அதனை எழுத்திலே குறிக்கத் தொடங்கினர். இவர் மசோரேத்தியர் எனப்படுவர். இவருட் சிறந்தோர் கலிலேயாவிலுள்ள திபேரியா நகரத்தார். இவர் மெய்யெழுத்துக்களைச் சிறிதுந் திருத்தாது, அவற்றின் மேலும் கீழும் உள்ளும் உயிர்க்குறிகளையும் இசைக்குறிகளையும் இட்டனர். எழுதப்பட்டது ஒன்றும் ஓதப்படுவது மற்றொன்றுமாயின், எழுத்தை உள்ளபடியே விடுத்து, ஓதுமுறையை ஓரத்திலே குறித்தனர். அருகி வழங்குஞ் சொற்கள் எத்தனையிடத்து வந்தன என்றும் எண்ணிவைத்தனர். ஆரோன் பென் ஆஷேர் குறியிட்ட அலெப்போப் பிரதி ஏறக்குறைய 930-ல் ஆயது. அது 1947-ல் நிகழ்ந்த கலகத்திலே பழுதுபட்டது. 1008-ம் ஆண்டளவில் எழுதப்பட்ட முழுப்பிரதியொன்று ரஷியாவிலே உள்ளது.

இவர் உழைப்பின் பயன் பிற்காலத்திலே தெளிவாயிற்று. 1947 முதலாகச் சாக்கடலருகே குகைகளிலிருந்து பழஞ்சுருள்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஏசாயா என்னும் நூலின் பெருஞ்சுருள், மசோரேத்தியர் பிரதிகளுக்கு ஓராயிரம் வருஷம் முற்பட்டது. எழுத்து வேறுபாடுகளும் பாடபேதங்களும் பலவுளவாயினும், நூல் பெரும்பாலும் ஒத்திருந்தது. குறியிடப்பட்ட புத்தகங்கள் வந்தபின்னும், செபாலயத்திலே ஓதப்படும் தோராச்சுருளில் இன்றும் உயிர்க்குறி இடுவதில்லை. ஓதுவோர் முன்னரே கற்று வருவர். பிழைத்தால் கேட்போர் உடனே திருத்துவர்.

கொடுத்தலும் கொள்ளலும்

இங்ஙனம் தம் நூலைக் காத்தவர் பிறரிடங் கற்க நாணிற்றிலர். பத்தாம் நூற்றாண்டிலே ஸ்பானியாவின் கொர்தோபாவிலிருந்த யூதா ஹய்யூஜ், அராபிய இலக்கணிகளுடைய முறையைத் தழுவி, எபிரேய வினைப்பகுதிகள் மும்மெய்யான் ஆயவை என்று நிறுவினார். பிரான்சிலே திருவா நகரத்து ராஷி (1040 - 1105) வேதத்துக்கும் தல்மூதுக்கும் சுருங்கிய உரை செய்தார். அரிய சொற்களுக்கு அந்நாட்டு வழக்குச்சொல்லை எபிரேய எழுத்தாலே எழுதிப் பொருள் காட்டினார். பிரஞ்சுப் பாஷையின் பழமையை ஆராய்வோர்க்கு அச்சொற்கள் இன்று கருவூலமாயுள்ளன.

கிறிஸ்தவ அறிஞரும் யூதரிடம் மாணாக்கராயினர். ரொய்க்லின் என்னும் ஜெர்மானியர் யூத ஆசிரியர்பாற் கற்று, 1506-ல் எபிரேய இலக்கணம் வெளியிட்டார். ரோமாபுரியிலே ஒரு கர்தினாலுக்கு எபிரேயங் கற்பித்த எலியா லெவித்தா, 1538-ல் வெளியிட்ட தம் நூலிலே, உயிர்க்குறிகள் மோசேயின் காலத்தனவல்ல, தல்மூதுக்குப் பிற்பட்டனவே என்று நிறுவினார். தம்மவர் பலர் விரும்பாத உண்மையை மறையாது கூறிய அவருடைய நேர்மை பாராட்டற்பாலது.

நாம் கொள்ளற்பாலது

திருமுறைகண்ட வரலாற்றை உபாத்தியாயர்கள் அறிவார்கள். தில்லையிலே ஏடுகளிற் பல செல்லரித்தன. எஞ்சிய ஏடுகளாற் பதிகங்கள் கிடைத்தனவேனும் பண் கிடைத்திலது. திருநீலகண்டயாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியாலே பண் பெறப்பட்டது. ஓலை காவாததை ஒரு மரபினருடைய நாவும் செவியும் காத்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

ஆதலால், தேவார திருவாசகங்களைக் கற்பிக்கும்போது, முதலிலே தாமே பிழையறப் பலமுறை ஓதிக்காட்டுக. சந்தி பிரித்துப் பொருள் விளக்கியபின்பே மனனஞ் செய்விக்க. ழகர ளகர லகரங்களையும் றகர ரகரங்களையும் நாவிலே வேறுபடுத்துக. பொருள் விளங்காதவிடத்து மூலத்தைத் தம் மனம்போனபடி திருத்தற்க. பாடபேதமுளதாயின் ஓரத்திலே குறித்துக்கொள்க. பரீக்ஷை நெருங்கிற்றென்று பத்துப் பதிகத்தை விரைந்து கடத்தலினும், ஒரு பதிகத்தைத் திருத்தமாக நிலைநிறுத்தலே மேலாம். அப்பதிகமே அப்பிள்ளையின் பிள்ளைக்கும் பாடமாகும். பிழையும் அவ்வாறே வழிவழிச் செல்லும்.

நூலுக்கு வேலியாயிருப்போர் உபாத்தியாயரே. அவர் இக்கடனை வழுவாது ஆற்றச் சிவபெருமான் திருவருள் துணைபுரிவதாக.