கிணற்றடியில் வளர்ந்த தொழில்

மருமகனுக்கு மாமா எழுதுவது:

ஒரு பிரதேசம் தொழில் வளம் பெறுவதற்கு அரசாங்கம் செய்யத்தக்கது யாது என்று கேட்டிருந்தாய். சித்தாந்தம் பேசுவதைவிடக் கோயம்புத்தூரின் கதையைச் சொல்வது உனக்குப் பிரயோஜனப்படும்.

மழை குறைந்த அந்தச் சீமையில் வேளாண்மை கிணற்றை நம்பியே நடந்தது. கவலை ஏற்றத்தில் பூட்டிய மாடுகள் சரிவில் இறங்க இறங்கத் தோற்பறி நீரோடு மேலே வரும். 1888-லேயே ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை ஏற்பட்டிருந்ததெனினும், பைக்காரா ஆற்று நீரை நீலகிரியிலிருந்து 3,000 அடிக்கு மேல் வீழ்த்தி எடுத்த மின்சாரம் 1930-களில் சமவெளிக்கு வந்த பின்னரே நிலைமை அடியோடு மாறியது. இன்ன தொழிலை இன்னார் தொடங்குக என்று சென்னை அரசாங்கம் விதிக்கவில்லை. மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவே. பீளமேட்டில் 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம் தொழிற்கல்வி அளித்ததும், ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதும் ஊராரின் முயற்சிகள்.

ஆனால் பிரபலஸ்தரைவிட, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவரையே நான் பெரிதாக மதிக்கிறேன். கிணற்றுக்கு மேலே நிறுத்திய பம்பு நடைமுறையில் 25 அடிக்குக் கீழுள்ள நீரை உறிஞ்சாது. அது காற்றின் அழுத்தம் வகுத்த எல்லை, எந்தச் சட்டசபையாலும் திருத்த முடியாதது. ஆகவே நீர்மட்டம் தாழத் தாழ, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள். ஐப்பசி மழையில் நீர் ஏறி அதை மூழ்கடித்து, காயில் புகைந்து போனால், குடியானவர் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பார். கருகிய தாமிரக் கம்பியை உருவிப் புதிதாகச் சுற்றிய அந்தப் பட்டறைக்காரருக்கே, எந்த மோட்டார் எதனால் கெடுகிறது என்பது நிபுணருக்கும் முன்பாகத் தெரியும். உபயோகிப்பவனும் உற்பத்தி செய்பவனும் ஒரே சந்தையில் சந்தித்துக்கொள்ளும் ஊரில்தான் இத்தகைய ஞானம் சேரும். மதில் எழுப்பி, பெயர்ப்பலகை நாட்டி, கட்டடத்தையே அபிவிருத்தி என்று கொண்டாடும் திட்டங்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த ஞானம் கிணற்றடியோடு நிற்கவுமில்லை: 1955-இல் சபாபதி என்பவர் மோட்டாரைக் கல்லுரலோடு இணைக்கவே, ஊத்துக்குளிக் கல்லுக்கும் நம் வீட்டுத் தோசை மாவுக்கும் புது வாழ்வு பிறந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அதே மின்சாரம் விளைத்த அனர்த்தத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. உழவருக்கு அது இலவசமானபோது, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நீர் இறைக்கும் பம்பைச் செய்யும் வித்தை ஊரிலேயே இருந்தும், அதிக விலை கொடுத்து அதை வாங்குவதற்குரிய காரணம் அவருக்கு இல்லாமற் போயிற்று. ஆழ்குழாய்களோ 1,000 அடியையும் தாண்டிவிட்டன. மின்சாரம் கொடுத்ததில் குற்றமில்லை, அளக்காமல் கொடுத்ததிலேயே குற்றம் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் மீட்டர் என்ற சொல்லைத் தேர்தல் மேடையில் உச்சரிக்கும் துணிவு எந்தக் கட்சிக்கும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா