ஐந்தாம் முறை வருகிறவருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கேளிக்கைப் பூங்காவில் வேலை கிடைத்த செய்தி மகிழ்ச்சி தந்தது. நீ கேட்டிருந்த கேள்வி அதைவிட மகிழ்ச்சி தந்தது. முதல் தடவை வருகிறவர்கள் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஓடுகிறார்கள், மூன்றாம் தடவை வருகிறவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள், இவர்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இன்னும் உயரமான ரோலர் கோஸ்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாமே. வாங்கட்டும். ஆனால் நான்கு முறை ஏறி இறங்கியபின் அதுவும் பழசுதான். ஐந்தாம் முறை அவர் எதற்காக வருவார் என்பதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டிவோலி என்றொரு பூங்கா இருக்கிறது. கியோர்க் கார்ஸ்டென்சன் என்பவர் 1843 ஆகஸ்ட் 15 அன்று திறந்தது. பூங்கா ஒருநாளும் கட்டி முடியாது, வேலை நடந்துகொண்டே இருக்கும் என்பதுதான் அவருடைய எண்ணம். மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி, நகரத்தின் நடுவே இருப்பதால் இஷ்டத்துக்கு இடத்தைப் பெருக்க முடியாது. சுற்றிக் குடியிருப்பவர்கள் அலுக்காமல் வந்துகொண்டிருந்தால்தான் அப்படிப்பட்ட இடம் பிழைக்கும்.

அங்கே 1914-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிக்கிறவர் ஒருவர் பயணிகளோடு உட்கார்ந்து போகிறார். எந்த இறக்கத்தில் விடுவது, எங்கே இறுக்குவது என்பது அவர் கையில். தடம் பழையதுதான், ஆனால் ஓட்டுகிறவர் மனிதர் என்பதால் ஒரு ஓட்டம் போல இன்னொன்று அமைவதில்லை. உன் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வால்ட் டிஸ்னி 1951-இல் டிவோலியைப் போய்ப் பார்த்தவர். 1955-இல் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். அங்குள்ள ஜங்கிள் குரூஸ் படகு தண்ணீருக்கடியில் பதித்த தடத்தின் மேல்தான் போகிறது. கரையில் நிற்கும் யானையும் வாயைப் பிளக்கும் நீர்யானையும் எந்திரங்கள். எல்லாம் அதே இடத்தில், அதே வரிசையில். இருந்தும் பழைய ஆட்கள் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள், படகோட்டியின் பேச்சுக்காக. ஒருவர் சொல்லும் வேடிக்கையை அடுத்தவர் அதே மாதிரி சொல்வதில்லை. இரும்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிப் பிடிக்கவும் பழக்கவும் கேட்டு வாங்கு. மனப்பாடப் பேச்சைக் கொடுத்து அவர்கள் வாயைக் கட்டிவிடாதே.

எந்திரத்தையும் இப்படிப் பழக்கலாம். 1987-இல் அதே டிஸ்னிலாந்தில் வந்த ஸ்டார் டூர்ஸ் என்ற விண்வெளிச் சவாரியில் எப்போது ஏறினாலும் ஒரே கதைதான். 2011-இல் மாற்றியமைத்தபோது காட்சிகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு முறையும் எதேச்சையாகச் சேரும்படி செய்தார்கள். எந்தக் கிரகத்துக்குப் போகிறோம் என்பது ஏறி உட்காரும்வரை தெரியாது.

பருவமும் உன் பக்கம் நிற்கும். டிவோலி முன்பு கோடையில் மட்டுமே திறந்திருந்தது. 1994-இல் கிறிஸ்துமஸ் பருவத்தையும் 2006-இல் ஹாலோவீனையும் சேர்த்தார்கள். அதே மரங்கள், அதே ஏரி. விளக்கும் வாசனையும் வேறு. டிஸ்னிலாந்தில் 1969 முதல் இருக்கும் பேய் மாளிகைக்கு 2001-லிருந்து ஆண்டு இறுதியில் பண்டிகை வேடம் போடுகிறார்கள். பண்டிகை முடிந்ததும் வேடத்தைக் கலைத்து, மாளிகையைப் பழையபடி ஒப்படைத்துவிடுகிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். திரும்பி வருகிறவர் புதுமையை மட்டும் தேடி வருவதில்லை. தனக்குப் பிடித்தது அதே இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார். புளோரிடா டிஸ்னியில் மிஸ்டர் டோட் என்ற பழைய சவாரியை 1998-இல் மூடியபோது ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெரிய, பரபரப்பான சவாரி ஒன்றுமில்லை அது. அவர்கள் சிறு வயதில் ஏறியது, அவ்வளவுதான். எதையாவது இடிக்க உங்கள் அலுவலகம் திட்டமிட்டால், இந்தக் கதையைக் கூட்டத்தில் சொல்.

இன்னொன்றையும் கவனி. பலமுறை வந்தவர் பெரும்பாலும் புதிய ஒருவரை அழைத்து வருவார், இடத்தைச் சுற்றிக் காட்டுவதில் அவருக்கொரு பெருமை இருக்கும். அந்தப் பெருமைக்குத் தீனி போடு. டிஸ்னி பூங்காக்களில் சுவர்ச் சித்திரத்திலும் தட்டுமுட்டுச் சாமான்களிலும் மூன்று வட்டங்களாக மிக்கி மவுஸின் உருவத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் விளையாட்டாகத் தொடங்கியது. இன்று அதைத் தேடுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. செலவு அதிகமில்லை, அறிவிப்புப் பலகை வைத்தால் மட்டும் கெட்டுப்போகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நுழைவாயிலில் நின்று, வருடாந்திர டிக்கெட் வைத்திருப்பவர்களோடு பேசு. இங்கே எதை எடுத்துவிட்டால் வருத்தப்படுவீர்கள், கூட வந்தவருக்கு முதலில் எதைக் காட்டினீர்கள் என்று கேள். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ரோலர் கோஸ்டர் விலையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்